பயம் இருந்தவரை நீடித்த சட்டம்

1921 நவம்பர் 23 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஹார்டிங் ஒரு தாய்சேய் நலச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதைக் கொண்டுவந்த இருவரின் பெயரால் அது ஷெப்பர்ட்-டவுனர் சட்டம் எனப்படுகிறது. எட்டே ஆண்டுகளில் அது இல்லாமல் போனது. பிரசவத்தில் பெண்கள் சாவது குறைந்துவிட்டதால் அல்ல; அரசியல்வாதிகளின் பயம் தீர்ந்துவிட்டதால்.

அந்தச் சட்டத்துக்கு வித்திட்டவர்கள் பெண்கள். 1912இல் தொடங்கப்பட்ட குழந்தைகள் நலத் துறைக்கு ஜூலியா லாத்ரோப் தலைமை ஏற்றார். அவரது துறை ஜான்ஸ்டவுன் என்ற தொழில் நகரத்தில் வீடு வீடாகச் சென்று விசாரித்தது. அப்பாவின் கூலி குறையக் குறைய சிசு மரணம் கூடுவது கணக்கில் தெரிந்தது. சாவுக்குக் காரணம் தாயின் அறியாமை மட்டுமல்ல, வறுமையும்தான். நாடாளுமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர் ஜெனட் ராங்கின் 1918இல் மசோதா கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை.

1920இல் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை வந்தது. காட்சி மாறியது. கோடிக்கணக்கான புதிய வாக்காளர்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. கீழவையில் 279க்கு 39 என்ற கணக்கில் சட்டம் நிறைவேறியது. ரகசிய வாக்கெடுப்பாக இருந்திருந்தால் அது தோற்றிருக்கும் என்று செனட்டர் கென்யனே சொன்னார். அப்போது நாடாளுமன்றத்தில் இருந்த ஒரே பெண், ஆலிஸ் ராபர்ட்சன், அதை எதிர்த்தார் என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

சட்டம் கேட்டது அதிகமில்லை. மாநிலங்களுக்கு மைய அரசு நிதி தரும். தாய்மார்களுக்கான ஆலோசனை மையங்கள், வீட்டுக்கு வரும் செவிலியர், மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி. நோய்க்குச் சிகிச்சைகூட அதில் இல்லை. ஆனாலும் அமெரிக்க மருத்துவச் சங்கம் அதைச் சோஷலிசம் என்றது. அச்சங்கத்தின் குழந்தை மருத்துவப் பிரிவு 1922இல் சட்டத்தை ஆதரித்தபோது தலைமை அதைக் கண்டித்தது. மாசசூசெட்ஸ், கனெக்டிகட், இல்லினாய் மாநிலங்கள் பணமே வேண்டாம் என்றன. வாக்குரிமையை எதிர்த்த பெண்களின் அமைப்பு ஒன்று, இது மாஸ்கோவின் சதி என்று பிரசாரம் செய்தது.

இதற்கிடையில் தேர்தல்கள் வந்துபோயின. பெண்கள் ஒரே அணியாக வாக்களிக்கவில்லை. வர்க்கம், இனம், ஊர், கட்சி என்று ஆண்களைப் போலவே பிரிந்து வாக்களித்தார்கள். வாக்களிக்க வந்தவர்களும் ஆண்களைவிடக் குறைவு. பயப்பட ஒன்றுமில்லை என்று அரசியல்வாதிகள் கண்டுகொண்டார்கள். 1926இல் நீட்டிப்பு மசோதா செனட்டில் முடக்கப்பட்டது. இன்னும் இரண்டு ஆண்டு நிதி, அதன்பின் சட்டமே ரத்து என்று சமரசம் ஆனது. 1929 ஜூன் 30 அன்று அது முடிந்தது.

பெண்கள் ஒற்றுமையாக இல்லாததால் தோற்றார்கள் என்று இதைச் சுருக்கிச் சொல்வது எளிது. ஆனால் தேவை மிகுந்தவர்களின் வாக்கு எங்கே இருந்தது? தென் மாநிலங்களின் கறுப்பினப் பெண்களை வாக்குச்சாவடியை நெருங்கவே விடவில்லை. அவர்களுடைய சாய்வை அளக்க எவரும் மெனக்கெடவில்லை. அவர்களுக்குப் பிரசவம் பார்த்த கறுப்பின மருத்துவச்சிகளுக்கு இச்சட்டம் பயிற்சி தந்தது. கூடவே கண்காணிப்பையும் தந்தது. அதைப் பற்றி அவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாகத் தாய்சேய் நல நிதி திரும்பி வந்தது. எல்லோருக்குமான மருத்துவக் காப்பீடு அதில் சேர்க்கப்படவில்லை. மருத்துவச் சங்கத்தின் எதிர்ப்பு முழுச் சட்டத்தையும் கவிழ்த்துவிடும் என்று அரசு அஞ்சியது. இம்முறையும் பயம்தான் முடிவு செய்தது. ஆனால் அது தாய்மார்களைப் பற்றிய பயமல்ல.