ஐபோன் ஆலையில் வேலை: நேர்காணலுக்கு போகும் முன் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

ஸ்ரீபெரும்புதூர் அருகே சுங்குவார்சத்திரத்தில் உள்ள பாக்ஸ்கான் ஆலையில் ஆப்பிள் ஐபோன்கள் தயாராகின்றன. அசெம்பிளி லைனில் பெரும்பாலும் இளம்பெண்கள்தான். திருவள்ளூர் மாவட்டத்திலும் இதேபோன்ற வேலைகள் பெருகுகின்றன. கும்மிடிப்பூண்டி அருகே பெருவாயலில் ரூ.1,891 கோடியில் ஏசி, கம்ப்ரசர் ஆலை அமைக்க மிட்சுபிஷி எலெக்ட்ரிக் 2023 மே மாதம் தமிழக அரசுடன் ஒப்பந்தம் போட்டது. அப்போது அறிவிக்கப்பட்ட 2,004 வேலைகளில் 60% பெண்களுக்கு.

நேர்காணல் வாசலில் என்னவெல்லாம் கவனிக்க வேண்டும்? பார்க்கலாம்.

ஆள் எடுப்பது யார்?

பல பெரிய ஆலைகளில் நேரடியாக கம்பெனி ஆள் எடுப்பதில்லை. ஒப்பந்த நிறுவனங்கள் மூலமாகவே எடுக்கிறார்கள். எனவே முதல் கேள்வி: "நான் கம்பெனி ரோலா, கான்ட்ராக்ட்டா?" சம்பளம் போடுவது யார், பி.எஃப் கட்டுவது யார், பிரச்னை என்றால் யாரிடம் போவது என எல்லாமே இந்த பதிலை பொறுத்தது.

ஏஜென்ட் பணம் கேட்டால்?

கொடுக்க வேண்டாம். வேலைக்காக தொழிலாளரிடம் எந்த கட்டணமும் வாங்கக் கூடாது என்பது ஆப்பிள் தனது சப்ளையர்களுக்கு 2015 முதல் போட்டுள்ள விதி.

'கல்யாணம் ஆகிடுச்சா?' என்று கேட்கலாமா?

திருமணமான பெண்களை பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் அசெம்பிளி வேலைக்கு எடுப்பதில்லை என 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. உடனே மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. புதிதாக எடுத்தவர்களில் 25% பேர் திருமணமான பெண்கள்தான் என பாக்ஸ்கான் தரப்பு விளக்கம் அளித்தது. பின்னர், வேலை விளம்பரங்களில் திருமண நிலையை குறிப்பிட வேண்டாம் என ஏஜென்சிகளுக்கு பாக்ஸ்கான் அறிவுறுத்தியதாக 2024 நவம்பரில் செய்தி வந்தது.

பெண் என்பதற்காக வேலைக்கு எடுப்பதில் பாகுபாடு காட்டுவதை 1976-ம் ஆண்டு சம ஊதியச் சட்டம் தடை செய்தது. அந்த பாதுகாப்பு இப்போது ஊதியச் சட்டத் தொகுப்பில் உள்ளது.

கையில் எவ்வளவு வரும்?

சொல்லும் சம்பளம் வேறு, கைக்கு வருவது வேறு. உதாரணமாக மாதம் ரூ.15,000 என்றால்:

• பி.எஃப் 12%: ரூ.1,800 (முழு தொகைக்கும் கணக்கிட்டால்)
• இ.எஸ்.ஐ 0.75%: ரூ.113
• மீதி: ரூ.13,087

கேன்டீன், ஹாஸ்டல், பஸ்ஸுக்கு பிடித்தம் உண்டா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

ஹாஸ்டலை ஏன் விசாரிக்க வேண்டும்?

2021 டிசம்பரில் திருவள்ளூர் மாவட்டம் பூந்தமல்லி அருகே பாக்ஸ்கான் பெண் ஊழியர்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பிட்ட பலருக்கு உடல்நிலை பாதிக்கப்பட்டது. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சக ஊழியர்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியலில் இறங்கினர். ஆலை மூடப்பட்டது. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தங்கள் தரத்தில் இல்லை என்று கூறி, ஆலையை ஆப்பிள் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12-ல்தான் மீண்டும் திறக்கப்பட்டது.

அதன்பின் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் வகையில் ரூ.706.50 கோடியில் சிப்காட் கட்டிய குடியிருப்பு 2024 ஆகஸ்ட் 17-ல் திறக்கப்பட்டது.

தனியார் விடுதி என்றால், 2014-ம் ஆண்டு தமிழக விடுதிகள் சட்டப்படி பதிவு செய்யப்பட்டதா என கேட்பது அவசியம். ஒரு அறையில் எத்தனை பேர், குடிநீர், கழிப்பறை எப்படி என்பதை ஏற்கெனவே அங்கு தங்கியிருப்பவர்களிடமே விசாரிப்பது நல்லது.

சேர்ந்ததும் கையில் இருக்க வேண்டியவை

• பணி நியமனக் கடிதம். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி இது கட்டாயம்
• இ.எஸ்.ஐ எண். மாதம் ரூ.21,000 வரை சம்பளம் வாங்குவோருக்கு இ.எஸ்.ஐ உண்டு. வேலைக்கு போய் வரும் வழியில் நடக்கும் விபத்துக்கும் பொருந்தும்
• பி.எஃப்-க்கான யு.ஏ.என் எண். வேலை மாறினாலும் இந்த எண் மாறாது
• மாதாமாதம் சம்பள ரசீது

பிரச்னை என்றால்?

10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களில் பாலியல் தொல்லை புகார்களுக்கு உள்ளகக் குழு இருக்க வேண்டும். கான்ட்ராக்ட் ஊழியரும் அங்கே புகார் தரலாம். சம்பளப் பிரச்னைக்கு மாவட்ட தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுகலாம். அவசர உதவிக்கு பெண்கள் உதவி எண் 181.