உப்பலை எந்தக் கூட்டுத்தொகையில் சேர்ப்பது?

2001 கணக்கெடுப்பின்படி ஐதராபாத் மாவட்டத்தின் மக்கள்தொகை 38,29,753. 2011இல் அது 39,43,323. பத்தாண்டு வளர்ச்சி மூன்று விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. இவ்விரு எண்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பத்தாண்டில் ஐதராபாத் நகரம் தேங்கிநின்றது என்று ஒருவர் எழுதிவிடலாம். எண்கள் சரியானவை, முடிவு தவறானது. நகரம் வளர்ந்தது வேறொரு வரியில். ரங்காரெட்டி மாவட்டம் அதே காலத்தில் 35,75,064இலிருந்து 52,96,741ஆக, ஏறத்தாழ 48 விழுக்காடு பெருகியது. உப்பல் இருந்தது அந்த வரியில்தான்.

உப்பல் இடம்பெயரவில்லை, அதன்மேல் எழுதப்பட்ட தலைப்புகளே மாறின. 1971 கணக்கெடுப்பின்போது அது ஐதராபாத் மாவட்டத்துக்குள் இருந்தது. 1978 ஆகஸ்டில் ரங்காரெட்டி மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அதனுள் சென்றது. 2007 ஏப்ரலில் உப்பல் கலான் உள்ளிட்ட 12 நகராட்சிகள் பெருநகர ஐதராபாத் மாநகராட்சியுடன் இணைந்தன. அப்போதும் மாவட்ட எல்லை மாறவில்லை. ஆகவே 2011இல் உப்பல் மாநகராட்சியின் கணக்கில் ஐதராபாத், மாவட்டத்தின் கணக்கில் ரங்காரெட்டி. 2016 அக்டோபரில் தெலங்கானாவின் பத்து மாவட்டங்கள் 31ஆகப் பிரிக்கப்பட்டபின் அது மேட்சல்–மல்காஜ்கிரி மாவட்டம். ஓர் ஆய்வாளர் ‘ஐதராபாத்’ என்ற ஒரே பெயரை 1971 முதல் 2011 வரை தொடர்ந்து படித்தால், ஒரே பொருளை அளப்பதாக எண்ணிக்கொண்டு வெவ்வேறு பொருள்களை அளந்துகொண்டிருப்பார்.

இச்சிக்கல் கணினியோடு பிறந்ததன்று. 1881, 1891 கணக்கெடுப்புகளில், எழுத்தர்கள் வீட்டுப் பட்டியலைப் பார்த்துப் பெரிய தாள்களின் கட்டங்களில் ஆளுக்கு ஒரு குறியிட்டு எண்ணினர். 1901இல் வேறு முறை வந்தது. பவேரியாவில் கியோர்க் ஃபான் மாயர் 1871 கணக்கெடுப்பையொட்டி வகுத்த சீட்டு முறை அது. ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு சீட்டு. மதத்தைச் சீட்டின் நிறமும், பால், திருமண நிலை ஆகியவற்றை அதில் அச்சிட்ட குறிகளும் காட்டின. அன்றைய இந்தியாவின் மக்கள்தொகை 29 கோடிக்கு மேல். அத்தனை சீட்டுகளையும் அறைகள் கொண்ட பெட்டிகளில் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு குவியலையும் எண்ணித் துண்டுத்தாளில் பதிந்தனர். பின்பு அவை படிப்படியாக மாவட்டத்துக்கும் மாகாணத்துக்கும் கூட்டப்பட்டன. அடுத்த அட்டவணைக்கு அதே சீட்டுகள் வேறு வகையில் மீண்டும் பிரிக்கப்பட்டன. முதலில் வரிசைப்படுத்து, பின்பு கூட்டு: விரிதாளின் இலக்கணம் அன்றே எழுதப்பட்டுவிட்டது.

இங்கே இரண்டு செய்திகள் வரலாற்று மாணவர்க்கு முக்கியமானவை. ஒன்று, முதல் பிரிப்பு நடுநிலையானதன்று. மதம் தாளின் நிறமாகவே அமைந்துவிட்டபின், வயதும் எழுத்தறிவும் திருமணமும் மதவாரியாகக் கிடைப்பது எளிது. வேறு வகையில் கிடைப்பது அரிது. மற்றொன்று, அட்டவணைகள் முடிந்தபின் சீட்டுகள் அழிக்கப்பட்டன. நமக்கு எஞ்சியவை உட்கூட்டுத்தொகைகள் மட்டுமே. அன்றைய ஆட்சியர் கேட்காத கேள்விக்கு விடை காண, நாம் இனி அச்சீட்டுகளை மீண்டும் பிரிக்க இயலாது.

2011 தரவு நமக்கு அத்தகைய இழப்பைத் தரவில்லை. மாவட்டம், மண்டல், ஊர், நகர வார்டு எனக் கீழ்நிலை வரிகள் எக்செல் கோப்புகளாகவே கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் எல்லா நிலைகளும் ஒரே நெடுவரிசையில் கலந்துள்ளன. மேலும் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மொத்தம், ஊரகம், நகர்ப்புறம் என மூன்று வரிகள். மாநில வரிகளும் மாவட்ட வரிகளும் உள்ள தாளில் கீழே ஒரு கூட்டல் போட்டால், உண்மையான மக்கள்தொகையைப்போல் நான்கு மடங்கு வரும். எக்செலின் ‘சப்டோட்டல்’ சார்பு, தன் எல்லைக்குள் உள்ள பிற சப்டோட்டல் விடைகளை விட்டுவிட்டுக் கூட்டும். ஆனால் அச்சார்பால் உருவாகாமல் வெறும் எண்ணாக வந்த கூட்டுத்தொகையை அதனால் அடையாளம் காண முடியாது. ஆகவே முதலில் ஒரு நிலையை மட்டும் வடிகட்டுவது நம் பொறுப்பு.

வரிசைப்படுத்தாமல் உட்கூட்டல் கட்டளையைக் கொடுப்பது அடுத்த பிழை. அக்கட்டளை குழுவைத் தேடுவதில்லை. மேல் வரியிலிருந்து பெயர் மாறும் இடத்தை மட்டும் பார்க்கிறது. ரங்காரெட்டியின் ஊர்கள் மூன்று இடங்களில் சிதறியிருந்தால் ரங்காரெட்டிக்கு மூன்று கூட்டுத்தொகைகள் வரும். பெயரைக்கொண்டு வரிசைப்படுத்துவதும் போதாது. ஒரே பெயரில் பல ஊர்கள் உண்டு. ‘உப்பல்’, ‘உப்பல் கலான்’ என ஓர் ஊருக்கே இரு வடிவங்களும் உண்டு. கணக்கெடுப்பின் இடக்குறியீட்டையே திறவாகக் கொள்ளவேண்டும். முன்னிருக்கும் சுழியங்கள் உதிராதபடி அதை எழுத்து வடிவில் சேமிக்கவேண்டும்.

உப்பலுக்கு நான் பரிந்துரைக்கும் வழி எளியது. கீழ்நிலை வரிகளைத் தொடாமல் வைத்துக்கொண்டு, அவற்றின் அருகே 1971 மாவட்டம், 1978க்குப் பிந்தைய மாவட்டம், 2007 மாநகராட்சி, 2016 மாவட்டம் எனத் தனித்தனி நெடுவரிசைகளைச் சேருங்கள். எந்தத் தலைப்பில் வேண்டுமோ அதன்படி வரிசைப்படுத்திக் கூட்டுங்கள். நான்கு கூட்டுத்தொகைகளும் வேறுபடும், நான்கும் மெய். எதை எந்தக் கேள்விக்குப் பயன்படுத்தினோம் என்பதை அட்டவணையின் தலைப்பிலேயே எழுதிவிடுவதுதான் ஆய்வு நேர்மை.

அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஐக் குறிநாளாகக் கொண்டது. அதன் மாவட்ட எண்களை 2011 எண்களோடு ஒப்பிட முனைவோர், முதலில் 2011இன் கீழ்நிலை வரிகளைப் புதிய எல்லைகளின்படி அடுக்கிக்கொள்ளவேண்டும். 1901இன் சீட்டுகளைக் கொண்டு நம்மால் செய்ய முடியாத வேலை அது. செய்ய முடிந்த இடத்திலும் செய்யாமல் விட்டால் பழியைத் தரவின்மேல் போட முடியாது.