பண்டைத் தமிழர் மனையும் மெழுக்கமும்

மனையையும் உடையையும் தூய்மை செய்தற்குப் பண்டைத் தமிழர் கொண்ட பொருள்கள் பெரிதும் அவர்தம் ஊர்ப்புறத்தே கிடைத்தவை. களர்நிலத்துக் கூவலின் நீரால் ஆடை வெளுத்த செய்தியைப் புறநானூற்று 311-ஆம் பாட்டுத் தருகின்றது. அந்நிலத்து உவர் எண்ணெய்ப் பசையை நீக்கவல்ல காரத்தன்மை உடையது. தரைக்குப் பயன்பட்டது ஆப்பி எனப்படும் ஆன்சாணம். இவற்றுள் தரை மெழுகுதல் ஒன்றனையே எடுத்துக்கொண்டு, அச்செயல் பண்டையோர் வாழ்வில் யாது பொருள் பெற்றிருந்தது, அதனைச் செய்தவர் யாவர் என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மண்தரை நாளும் பொடிந்து புழுதியாகும் இயல்பினது. நீரிற் கரைத்த சாணத்தை மெல்லிய பூச்சாக இடுங்கால், அதிலுள்ள நுண்ணிய நார்கள் மண்ணைப் பிணித்துக் கீறல்களை அடைக்கும், புழுதியும் அடங்கும். பூச்சு விரைவில் தேய்ந்துவிடுமாதலின் மீண்டும் மீண்டும் மெழுகுதல் வேண்டும். சாணம் நோய்க்கிருமிகளைக் கொல்லும் என இக்காலத்தார் சிலர் கூறுவர். ஈண்டுக் காட்டப்பெறும் செய்யுட்களில் அக்கருத்துக்கு இடமில்லை. சாணமே நோய்க்கிருமிகளைச் சுமந்துவருதலும் உண்டு. ஆகவே, மெழுக்கத்தின் பொருளை மருத்துவத்தில் தேடாது பாட்டினுள்ளே தேடுதலே முறையாம்.

இதற்குக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடல்கள் பெரிதும் துணைசெய்கின்றன. அவர் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் மறையவர் மனை பசிய சாணத்தால் மெழுகப்பட்டுள்ளது. கோழியும் நாயும் அம்மனையை அணுகுவதில்லை. அவர் பாடிய அகநானூற்று 167-ஆம் பாட்டிலோ, மக்கள் நீங்கிய ஊரின் பொதியில் பாழ்பட்டுக் கிடக்கின்றது. சுவரில் எழுதப்பட்ட கடவுள் நீங்கிவிட, பலி மறக்கப்பட்டு, அதன் திண்ணை மெழுகப்படாது பொலிவிழந்துள்ளது. அங்கே பால்சுரக்கும் நாய் தங்கியிருக்கின்றது. நாய் ‘துன்னாமை’ ஒரு பாட்டிலும், ‘துன்னுதல்’ மற்றொரு பாட்டிலும் வருதல் நோக்கத்தக்கது. ஒரே புலவர் இரண்டு காட்சிகளையும் ஒரே வினைச்சொல்லால் எதிர்நிறுத்துகின்றார். மெழுகிய நிலம் மக்கள் வாழ்வதற்கு அடையாளம். மெழுகா நிலம் அவர் நீங்கியதற்கு அடையாளம். அழுக்கின்மை மட்டுமன்று, ஆள் உண்மையும் மெழுக்கத்தாற் புலனாகின்றது.

இனி, மெழுகிய கை யாருடையது என்பதனைக் காண்போம். அப்புலவரே பாடிய பட்டினப்பாலையில் கூறப்படும் பொதியிலில் அந்தி விளக்கை ஏற்றுவோர் கொண்டி மகளிர், அதாவது பகைவர் நாட்டினின்றும் சிறைகொண்டு வரப்பட்ட மகளிர். மலர் அணிந்த மெழுக்கம் அங்கே கூறப்படுகின்றது. அதனை இட்டவரும் அம்மகளிரே எனக் கொள்ளுதல் பொருந்தும். பலரும் தொழுத அத்தூய நிலம், தம் ஊரை இழந்த பெண்டிரின் உழைப்பால் ஆயது.

புறநானூற்று 249-ஆம் பாட்டில் வரும் பெண்ணின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. முன்பு பலரோடு உண்ட தலைவன் இறந்துபட்டான். அவனுக்கு உணவு படைத்தற்பொருட்டு, அவன் மனைவி சுளகளவான சிற்றிடத்தைத் துடைத்து ஆப்பியால் மெழுகுகின்றாள். சாணத்தைக் கரைத்தற்கு நீராவது அவள் கண்ணீரே. அகன்ற நாடு சுளகளவாய்ச் சுருங்கியதனை அம்மெழுக்கமே அளந்து காட்டுகின்றது.

பிற்காலத்தில் இத்தொழில் கோயிலிற் சிறப்புற்றது. அலகிடுதலும் மெழுகுதலும் இறைபணியாயின. திலகவதியார் திருவதிகை வீரட்டானத்தில் விடியுமுன் இப்பணி செய்தமையைப் பெரியபுராணம் கூறும். அண்மையில் ஈன்ற பசுவின் சாணத்தை விலக்கி, ஈன்றணிமை நீங்கிய பசுவின் சாணத்தையே அவர் கொண்டனர் என்பது சேக்கிழார் தரும் நுண்ணிய செய்தி. கல்வெட்டுகளிலும் ‘திருவலகு’, ‘திருமெழுக்கு’ என்னும் சொற்கள் பயில்கின்றன. கோயில் மெழுகும் பணிக்கென விடப்பட்ட நிலம் ‘திருமெழுக்குப்புறம்’ எனப் பெயர் பெற்றது. மனையில் ஊதியமின்றி நிகழ்ந்த செயல், கோயிலில் ‘திரு’ என்னும் அடைபெற்று, நிலத்தின் விளைவை ஊதியமாகப் பெறும் தொழிலாயிற்று.

இவ்வேறுபாடு வரலாற்றாசிரியர் கருதத்தக்கது. கோயிலை மெழுகியதற்குக் கல்லில் எழுதிய சான்று உண்டு. இல்லத்தை நாளும் மெழுகிய மகளிர்க்கு அத்தகைய ஆவணம் யாதும் இல்லை. அவர்தம் உழைப்பின் தடம், அடுத்த பூச்சு இட்டவுடன் மறையும் தன்மையது. அதனைக் காத்துத் தந்தன சில பாடல்களே. ஆதலின், பண்டைத் தமிழர் மனைவாழ்வின் வரலாற்றை எழுதப் புகுவோர், அரசர் கல்லில் வெட்டுவித்தவற்றோடு, புலவர் ஓரிரு சொல்லிற் குறித்தவற்றையும் ஒப்பநிறுத்திக் காண்டல் வேண்டும்.