புண்ணைச் சுற்றியும் பாருங்கள்



சர்க்கரை இல்லாத வீடு இன்று அபூர்வம். எனக்கும் பல வருடமாக உண்டு. காலில் ஆறாத புண் என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் டாக்டர் பால் பிராண்ட். பாடப்புத்தகத்தில் இல்லாத வரலாறு இது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பிராண்ட் 1914-இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். அங்கு ஊழியம் செய்த ஆங்கிலேயத் தம்பதியின் மகன். ஒன்பது வயதில் படிக்க இங்கிலாந்து போனார். முதலில் கட்டட வேலை கற்றார், பிறகுதான் மருத்துவம். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார்.

தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகி விரல் போய்விடும் என்றுதான் அப்போது மருத்துவர்களிலேயே பலர் நம்பினார்கள். செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில், விரல்கள் மடங்கிப்போன ஒருவரிடம் பிராண்ட் கை கொடுத்தார். அவர் பிடித்த பிடியில் இவர் கை வலித்தது. இவ்வளவு பலமுள்ள சதை எப்படி அழுகும்?

ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடத் தொடங்கினார்கள். சுடுபாத்திரத்தை வெறுங்கையால் தூக்கியது, கருவியின் பிடி உராய்ந்தது, செருப்பில் ஆணி குத்தியது. இரவில் எலி கடித்தும் விழிக்காதவர்கள் இருந்தார்கள். நோய் நரம்பைக் கெடுத்து வலியை எடுத்துவிட்டது. வலி இல்லாததால் வந்ததுதான் புண். மாவுக்கட்டுப் போட்டுக் காலுக்கு ஓய்வு கொடுத்தபோது, ஆறாது என்று கைவிட்ட புண்களும் ஆறின. ஆறிய காலைக் காக்க எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு வந்தது.

1966-இல் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே பாதத்தின் வெப்பத்தை அளந்து பார்த்தார்கள். புண் வெளியே தெரியும் முன்பே அந்த இடத்துத் தோல் சூடாகிவிடுகிறது! வலி சொல்ல வேண்டியதைச் சூடு சொல்கிறது. சர்க்கரையால் மரத்த கால்களுக்கும் இதே பாடம் பொருந்தியது. இரு பாதங்களிலும் ஒரே இடத்தை ஒப்பிட்டு, 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எச்சரிக்கை என்று இன்று கொள்கிறார்கள்.

அதனால்தான் நல்ல செவிலியர் புண்ணின் நீளம், அகலம், ஆழம், நிறம், வாடை மட்டும் பார்ப்பதில்லை. விளிம்பிலிருந்து சுமார் 4 செ.மீ. வரை சுற்றுத் தோலையும் பார்ப்பார். காய்ப்பு இருந்தால் அங்கே அழுத்தம் அதிகம். வெளுத்து ஊறியிருந்தால் கட்டில் ஈரம் தேங்குகிறது. சூடும் வீக்கமும் சேர்ந்தால் கிருமி பரவியிருக்கலாம். நம் மாநிறத்தில் சிவப்பு தெரியாமல் போகும், கருத்துத் தெரியலாம். ஆகவே தொட்டும் பார்க்க வேண்டும்.

உங்களிடம் கேட்பது இதுதான். வீட்டில் சர்க்கரை உள்ள பெரியவர்களின் பாதங்களை இன்று இரவு வெளிச்சத்தில் பாருங்கள். அடிப்பாதம், விரலிடுக்கு, குதிகால் எல்லாம் பாருங்கள். புறங்கையால் தொட்டு இரண்டு காலையும் ஒப்பிடுங்கள். காய்ப்பை பிளேடால் சீவ விடாதீர்கள். சூடோ நிறமாற்றமோ புண்ணோ இருந்தால் மறுநாளே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். "வலிக்கவே இல்லையே" என்று அவர்கள் சொன்னால், அதுதான் போக வேண்டிய காரணம்.