இரணியன் அல்லது இணையற்ற வீரன்

'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' புதுவைக் கவிஞர் பாரதிதாசன் (1891–1964) எழுதிய மேடை நாடகம். 1934இல் பெரியார் முன்னிலையில் நடிக்கப்பட்டது. 1939இல் நூலாக வந்தது. இறைமறுப்பையும் மனித ஆற்றலையும் ஒரே பாத்திரத்தின் மேல் ஏற்றிப் பேசிய தமிழ் நாடகங்களில் முன்வரிசையில் நிற்பது. பெரியாரின் சுயமரியாதை இயக்கம் வேர்பிடித்த விருதுநகர், சிவகாசி வட்டாரத்து வரலாற்றோடு சேர்த்துப் படித்தால் இதன் வாதம் கூடுதலாகத் துலங்கும்.

தூணும் மேடையும்

இரணியன் கதை தமிழருக்குப் புதிதன்று. வால்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலத்தைக் கம்பர் யுத்த காண்டத்தில் சேர்த்தார். இராவணனுக்கு வீடணன் சொல்லும் புத்திமதியாக அது வருகிறது. கூத்து மேடையில் இந்தக் கதைக்குத் தனி மரியாதை. தஞ்சை மாவட்டம் மெலட்டூரின் பாகவத மேளாவில் நரசிம்மர் முகமூடி பூசைக்குரிய பொருள். அதை அணிபவர் விரதம் இருப்பார். ஆவேசம் வந்து இரணியன்மேல் மெய்யாகவே பாய்ந்துவிடாதபடி அவரை ஆட்கள் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். அங்கே நடிப்பு முடியும் இடமும் தெய்வம் இறங்கும் இடமும் ஒன்றுதான்.

பாரதிதாசன் கைவைத்தது அந்த இடத்தில்தான். அவருடைய இரணியன் நாடாளத் தெரிந்த தமிழ் மன்னன். நாராயணனை ஏற்க மறுப்பதற்கு ஆணவம் காரணமில்லை, அறிவு காரணம். பிரகலாதன் கருவிலே திருவுடைய பக்தனாக வராமல், சித்திரபானு என்னும் ஆரியப் பெண்ணின் மேல் கொண்ட மையலால் சதிக்கு இரையான இளைஞனாக வருகிறான். மன்னனைக் கொல்வதும் தெய்வம் இல்லை, மனிதச் சூழ்ச்சி. தூணிலும் துரும்பிலும் இருப்பவனைக் காண வந்த பார்வையாளருக்கு, தூணின் பின்னால் ஆள் நிற்பதை நாடகம் காட்டிவிடுகிறது. நாத்திகத்தை இப்படிக் காட்சியாக்கியது, இரணியனின் நீண்ட வசனங்களைவிட வலுவானது என்பதே என் கருத்து.

மனித ஆற்றல் என்ற கருவைத் தலைப்பே அறிவித்துவிடுகிறது. புராண இரணியனின் பலம் தவத்தால் பெற்ற வரம். நாடக இரணியனின் பலம் அவனுடைய சொந்த வீரம். கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் பெயரால் வழங்கும் 'கட்டுண்ட புரோமீத்தியஸ்' இதோடு ஒப்பிடத்தக்கது. நெருப்பு, எண், எழுத்து, மருத்துவம், பாய்மரக் கப்பல் என மனிதருக்கு வாய்த்தவற்றை அதில் புரோமீத்தியஸ் அடுக்குவான். ஆனால் அவற்றை மனிதருக்குத் தந்தது தானே என்பான்; அவனும் ஒரு தெய்வப் பிறவி. பாரதிதாசன் அந்தத் தரகரையும் விட்டுவைக்கவில்லை.

விருதுநகர் வட்டாரம்

இந்த வாதத்தைக் கேட்கக் காது கொடுத்த ஊர்களில் விருதுநகர் முக்கியமானது. சுயமரியாதை இயக்கத்தின் மூன்றாவது மாகாண மாநாடு 1931இல் ஆர்.கே. சண்முகம் தலைமையில் இங்கே நடந்தது. அதற்கு மூன்றாண்டு முன்பே, 1928இல், அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்திருந்தது.

பின்னணி கோயில் வாசலில் கிடக்கிறது. சிவகாசியில் சிவன் கோயிலுக்குள் நுழையும் உரிமையை நாடார்கள் கேட்டதைத் தொடர்ந்த பகை, 1899 ஜூனில் பெருங்கலவரமாக வெடித்தது. அடைத்த கதவுக்கு முன்னால் காத்துக் கிடக்காமல், வியாபாரத்தில் எடுத்துவைத்த மகமைப் பணத்தைக் கொண்டு 1889இலேயே, அன்று விருதுபட்டி எனப்பட்ட விருதுநகரில், சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கியிருந்தார்கள். 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள்; பட்டாசும் அச்சும் அதன்பின் வளர்ந்தன. யார் வரமும் இல்லாமல் எழுந்த ஊர் என்று சொல்ல இங்கே ஆதாரம் உண்டு.

ஆனால் இதைக் கொண்டு வட்டாரமே நாத்திகமானது என்று எழுதினால் பிழை. அதே மகமைதான் பராசக்தி மாரியம்மன் பங்குனிப் பொங்கலையும் நடத்தியது. நாடகம் நூலான 1939ஆம் ஆண்டில்தான், ஜூலை 8 அன்று, காங்கிரஸ்காரர் வைத்தியநாத அய்யர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துச் சென்ற குழுவில் தாழ்த்தப்பட்ட சமூகத்தவரோடு விருதுநகர் நகராட்சி உறுப்பினர் எஸ்.எஸ். சண்முக நாடாரும் இருந்தார். கடவுளை மறுக்கும் குரலும் கடவுளிடம் போக வழி கேட்கும் குரலும் ஒரே ஊரில் எழுந்தன; இரண்டும் எதிர்த்தது வாசலில் நின்றவர்களை.

மதிப்பீடும் தடையும்

நாடகத்தின் பலவீனமும் வெளிப்படையானது. ஆரியர், திராவிடர் என்று பாத்திரங்களை இரண்டு கட்சியாகப் பிரித்த பிறகு எதிர்த்தரப்பில் மனிதர்களே இல்லை. சித்திரபானு வெறும் தூண்டில் புழு. மனித ஆற்றலைப் போற்றும் நாடகத்தில் பெண்ணுக்குக் கிடைத்த பங்கு இவ்வளவுதான் என்பது உறுத்துகிறது.

1948இல் நூலுக்குத் தடை வந்தது. தடை விதித்தது சுதந்திர இந்தியாவின் சென்னை மாகாண அரசு.