பயணியின் தட்டில் கடல் உணவு

விடுமுறையில் குடும்பத்தோடு திருவாரூர்ப் பக்கம் வருவோர் நம்மிடம் தவறாமல் கேட்பது ஒன்று உண்டு: "நல்ல மீன் சாப்பாடு எங்கே கிடைக்கும்? நாம் சாப்பிடலாமா?" முதற்பாதி நாவைச் சேர்ந்தது, பிற்பாதி மார்க்கத்தைச் சேர்ந்தது. இரண்டுக்கும் நீண்ட வரலாறு இருக்கிறது.

கடலின் வேட்டையையும் அதன் உணவையும் ஆகுமாக்கும் அல்மாயிதா அத்தியாயத்தின் 96ஆம் வசனம், ஊரில் தங்கியிருப்போரோடு பயணிகளையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. அபூ உபைதா (ரலி) அவர்களின் தலைமையில் கடற்கரைக்கு அனுப்பப்பட்ட முந்நூறு பேர் கொண்ட படையின் செய்தி இதற்கு விளக்கம் போல அமைந்தது. கொண்டு சென்ற பேரீச்சம்பழம் தீர்ந்து, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பழம் என்றாகி, இறுதியில் அவர்கள் இலைகளை உதிர்த்துத் தின்றார்கள். அப்போது 'அன்பர்' எனும் பெருமீன் ஒன்று கரையில் ஒதுங்கிக் கிடந்தது. அதைப் பல நாட்கள் உண்டார்கள். மதீனா திரும்பிச் செய்தியைச் சொன்னபோது, மீதம் இருந்தால் தமக்கும் தருமாறு நபி (ஸல்) அவர்கள் கேட்டு வாங்கி உண்டார்கள். பட்டினியால் வந்த சலுகை மட்டுமே அது என்றால், பட்டினி இல்லாத மதீனாவில் அவர்கள் உண்டிருக்க வேண்டியதில்லை. ஃபிக்ஹு அறிஞர்கள் இந்த நுட்பத்தை விட்டுவிடவில்லை.

மீனுக்கு அறுப்பு வேண்டியதில்லை என்ற இந்தச் சட்டம் கடல் வணிகர்களுக்கு எவ்வளவு பெரிய வசதியாக இருந்தது என்பதை இன்று நாம் எளிதில் உணர்வதில்லை. அறியாத துறைமுகத்தில் இறங்கியவர் இறைச்சியை யார் அறுத்தார் என்று விசாரிக்க வேண்டும். மீன் விஷயத்தில் அந்தக் கவலையே இல்லை. பிடித்தவரும் விற்றவரும் எந்தச் சமயத்தாராயினும் மீன் ஹலால்தான்.

1343–44 காலத்தில் மாலத்தீவில் காழியாகப் பணியாற்றிய இப்னு பதூதா, அங்குள்ள மீனைத் துண்டாக்கி, சிறிது வேகவைத்து, ஓலைக்கூடையில் இட்டுப் புகையில் உலர்த்துவதைத் தம் பயண நூலில் விவரிக்கிறார். இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யமனுக்கும் அது ஏற்றுமதியானதையும் சொல்கிறார். நம் வீட்டுப் பெண்கள் சம்பலுக்கு இடிக்கும் மாசிதான் அது! அந்தத் தீவுகளிலிருந்து இலங்கை வழியாக இந்தச் சோழமண்டலக் கரைக்கும் அவர் வந்தார். ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஒரு பயணியின் குறிப்பை, முத்துப்பேட்டையிலோ அதிராம்பட்டினத்திலோ ஒரு சமையற்கட்டில் நின்றால் இன்றும் மூக்கால் வாசிக்கலாம்.

திருவாரூர் நகரம் கடலோரத்தில் இல்லை. நாகப்பட்டினம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் கிழக்கே உள்ளது. 1997இல் மாவட்டம் தனியாகப் பிரிந்தபோது கடற்கரை என்று நமக்கு மிஞ்சியது தெற்கே முத்துப்பேட்டைப் பகுதிதான். ஆனால் மிஞ்சியது சாதாரணமானதல்ல. காவிரியின் கிளைகளான பாமணியாறும் கோரையாறும் வயல்களை நனைத்து முடித்து அங்கே அலையாத்திக் காட்டினுள் இறங்குகின்றன. நன்னீரும் உப்புநீரும் கலக்கும் அந்தக் காயலில் கொடுவாயும் மடவையும் இறாலும் வளர்கின்றன. ஆகவே இந்த மாவட்டத்தில் மீன் என்றால் ஒன்றல்ல: வாய்க்காலின் விராலும் கெளுத்தியும் ஒருபுறம், காயல் மீன் மறுபுறம், நாகைக் கரையின் கடல் மீன் இன்னொருபுறம்.

இனி, நாம் சாப்பிடலாமா என்ற கேள்வி. கடலோர முஸ்லிம் ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹப் பரவலாக இருக்கிறது, உள்நாட்டு ஊர்களில் ஹனஃபி. ஹனஃபி மத்ஹபில் நீர்வாழ் உயிர்களுள் மீன் மட்டுமே ஆகுமானது. இறால் மீன் இனத்தைச் சேர்ந்ததா என்பதில் அந்த மத்ஹபின் இந்திய ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆகும் என்றோரும் உளர், தவிர்ப்பதே மேல் என்றோரும் உளர். நண்டு அவர்களுக்குக் கூடாது. ஷாஃபிஈ மத்ஹபினருக்கு இறால் தாராளமாக ஆகும், ஆனால் நண்டு குறித்து அந்த மத்ஹபின் நூல்களிலேயே இரு கருத்துகள் உள்ளன. சம்பந்தி வீட்டில் தேங்காய்ப்பால் ஊற்றிய இறால் ஆணத்தை மருமகன் தொடாமல் ஒதுக்கினால் அது அவமதிப்பு ஆகாது. ஒதுக்கியவரைப் பார்த்து மற்றவர் சிரிப்பதுதான் அநாகரிகம். பக்கத்தில் ஒரு மீன் பொரியலும் வைத்துவிட்டால் சங்கடமே எழாது.

கடையைத் தேடுவோர் நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை. 2001இல் 45 நாட்களாகத் தொடங்கிய தடை 2017 முதல் 61 ஆனது. பள்ளி விடுமுறையும் சரியாக அதற்குள்தான் விழுகிறது! அந்த நாட்களில் பெரிய உணவகத்தின் பட்டியலில் உள்ள வஞ்சிரம் வேறு கரையிலிருந்து பனிக்கட்டியில் பயணம் செய்து வந்ததாக இருக்கலாம். நாட்டுப்படகில் வந்த சிறுமீன், காயலின் மடவை, குளத்து விரால் ஆகியவை அப்போதும் புதிதாகக் கிடைக்கும். அவற்றைச் சமைப்பவை பெரும்பாலும் பெயர்ப்பலகை மங்கிய சிறு மெஸ்களே. நாம் அவற்றையே விரும்புகிறோம். விளம்பரத்தைப் பார்த்து, நம்மூரிலும் கிடைக்கும் பிரியாணியை இங்கு வந்தும் தேடுவதில் என்ன பயணம் இருக்கிறது?

அங்கே கேட்க வேண்டியவை இரண்டுதான். காலையில் என்ன மீன் வந்தது என்பது ஒன்று. மீனைப் பொரிக்கும் எண்ணெயில் கோழியும் பொரிக்கிறார்களா, அந்தக் கோழி எங்கு அறுக்கப்பட்டது என்பது மற்றது. பதிலில் ஐயம் இருந்தால் பொரித்ததை விட்டுவிட்டுக் குழம்பு மீனைக் கேளுங்கள். மண்சட்டியில் முந்தின நாள் வைத்தது மிச்சமிருந்தால் அதைக் கேட்பது இன்னும் நல்லது.