சுண்டலின் வயிறும் இரண்டாயிரம் ஆண்டு வரலாறும்



மூன்று மாதமாக ஒன்றும் எழுதவில்லையே, உடம்புக்கு ஏதாவதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நலமாக இருக்கிறேன். இங்கிலாந்தில், லீட்ஸ் நகரில், மகள் வீட்டில் இருந்தேன். அங்கே நான் செய்த ஒரு தவறையும், அந்தத் தவறு என்னைத் தேடிப் படிக்க வைத்த ஒரு வரலாற்றையும் இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். நாற்பத்தைந்து நிமிடம் என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு இது ஒன்றும் பெரிதில்லை.

மகள் வீட்டில் ஒரு ஃபெரெட் வளர்க்கிறார்கள். பார்க்க நம் கீரிப்பிள்ளை மாதிரி இருக்கும். ஆனால் கீரி இனம் இல்லை. காவிரியில் இருக்கிறதே நீர்நாய், அதன் குடும்பம். நாளில் பாதிக்கு மேல் தூங்கும், மீதி நேரம் வீட்டில் உள்ள காலுறைகளைத் திருடிச் சோபாவுக்கு அடியில் பதுக்கும். ஃபெரெட் என்ற பெயரே 'குட்டித் திருடன்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் இருந்து வந்ததுதான். பதினோரு வயதுப் பேத்தி அதற்கு வைத்த பெயர் சுண்டல்.

சுண்டலுக்கு வயிறு ஒத்துழைப்பதில்லை. கடையில் விற்கும் உலர் தீனி எதைப் போட்டாலும் கழிச்சல். மருத்துவர் சோதித்துப் பார்த்துவிட்டு, புழுவோ வேறு நோயோ இல்லை என்றார். பச்சை இறைச்சிக்கு மாற்றிப் பார்க்கலாம், ஆனால் வாரக்கணக்கில், மெதுவாக, தன் மேற்பார்வையில்தான் என்று சொல்லியிருந்தார். நான் போய்ச் சேர்ந்தது அந்த மாற்றத்தின் இரண்டாவது வாரம்.

ஒரு நாள் எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். சுண்டல் தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பி வந்து என் காலடியில் உட்கார்ந்தது. மனசு கேட்கவில்லை. வாழ்நாள் முழுக்கச் சைவம் சாப்பிட்டவனுக்கு அந்தப் பச்சைக்கறி ஒரு ஜீவனுக்குப் போடுகிற சாப்பாடாகவே தெரியவில்லை. இரண்டு துண்டு ரொட்டியைப் பாலில் ஊறவைத்து, கொஞ்சம் சர்க்கரையும் போட்டுக் கொடுத்தேன். நக்கி நக்கிச் சாப்பிட்டது. எனக்குப் பெருமை வேறு.

அன்று இரவு பன்னிரண்டு மணிக்கு அதை அவசர மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஒரு கிலோ கூட இல்லாத உடம்பு. நான்கைந்து தடவை போனதிலேயே நீர்ச்சத்து வற்றித் துவண்டுவிட்டது. தோலுக்கடியில் திரவம் ஏற்றிக் காப்பாற்றினார்கள். பேத்தி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மகள், "அப்பா, நீங்க ஆசையாத்தான் குடுத்தீங்க, தெரியும்" என்றாள். அந்த ஒரு வாக்கியம் திட்டு வாங்குவதைவிட அதிகமாக வலித்தது.

சரித்திர வாத்தியாருக்கு வேறு என்ன தெரியும்? ஊர் நூலகத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

சங்ககால வணிகம் பாடத்தில் ஸ்டிராபோ, பிளினி என்று இரண்டு பேரை நடத்தினேன், நினைவிருக்கிறதா? பாண்டியன் அகஸ்டஸ் சீசருக்குத் தூது அனுப்பியதைச் சொன்னவர் ஸ்டிராபோ. முசிறியைப் பற்றி எழுதியவர் பிளினி. ஃபெரெட்டைப் பற்றிய பழைய சாட்சியங்களுக்கும் இவர்கள் இருவரிடம்தான் போக வேண்டும் என்பது எனக்கு இத்தனை வயதுக்குப் பிறகே தெரிந்தது. ஸ்பெயின் பகுதியில் முயல்கள் பெருகிப் பயிரை அழித்தன. அவற்றைப் பிடிக்க, இந்தப் பிராணியை வாய்க்கட்டுப் போட்டு வளைக்குள் விடுவார்கள் என்கிறார் ஸ்டிராபோ. பலேரிக் தீவு மக்கள் முயல் தொல்லை தாங்காமல் அகஸ்டஸிடம் படை உதவியே கேட்டதாக எழுதுகிறார் பிளினி. முயலுக்கு எதிராகப் படை! இதை வகுப்பில் சொல்லியிருந்தால் பின்பெஞ்சு கூட விழித்திருக்கும்.

அந்த வாய்க்கட்டைக் கவனியுங்கள். வளைக்குள்ளேயே முயலைத் தின்றுவிட்டால் அது வயிறு நிறைந்து அங்கேயே தூங்கிவிடும். வேட்டைக்காரன் வெளியே காத்திருக்க வேண்டியதுதான். ஆக, மனிதன் இதை வளர்க்கத் தொடங்கிய காலத்திலேயே, அது பிடிக்கும் இரை வேறு, அதற்குக் கிடைக்கும் சாப்பாடு வேறு என்றாகிவிட்டது.

இங்கிலாந்தில் முயல் பணக்காரர் சொத்து. 1390-இல் இரண்டாம் ரிச்சர்ட் மன்னர் காலத்துச் சட்டம் ஒன்று, ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானம் தரும் நிலம் இல்லாதவன் வேட்டை நாயோ ஃபெரெட்டோ வைத்திருக்கக் கூடாது என்றது. இருந்தாலும் ஏழைகள் ஒளித்து வளர்த்தார்கள். ஒரு வேளைக் கறிக்கு அதுதான் வழி. அவர்கள் அதற்கு என்ன போட்டார்கள்? பிற்காலத்தில் பரவலாக இருந்த வழக்கம், பாலில் ஊறவைத்த ரொட்டி. ஆம், நான் கொடுத்ததேதான். ஒரு காரணம் விலை மலிவு. இன்னொன்று, பச்சைக்கறி தின்றால் வெறி பிடித்துக் கையைக் கடிக்கும் என்ற நம்பிக்கை. பிடித்த முயல் வீட்டுச் சட்டிக்கு, ரொட்டி ஃபெரெட்டுக்கு.

அடுத்து வருவது தொழிற்சாலைக் காலம். 1860-களில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்பிராட் என்ற அமெரிக்கர் நாய்களுக்கென்று பிஸ்கட் செய்து விற்றார். துறைமுக நாய்கள் மாலுமிகளின் காய்ந்த பிஸ்கட்டைத் தின்பதைப் பார்த்து யோசனை வந்ததாகச் சொல்வார்கள். 1922-இல் அமெரிக்காவில் குதிரைக்கறியை டப்பாவில் அடைத்து நாய்த் தீனியாக விற்றார்கள். இரண்டாம் உலகப் போரில் தகரத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. டப்பா போய் மீண்டும் உலர் தீனி வந்தது. 1950-களில் மாவையும் இறைச்சித் தூளையும் சூடாக்கி, அழுத்திப் பிதுக்கி, பொரிய வைக்கும் இயந்திரம் இந்தத் தொழிலுக்குள் நுழைந்தது. அந்த உருண்டை பொரிந்து உருவம் பிடித்து நிற்க மாவுச்சத்து வேண்டும். இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அந்த மாவு முதலில் தேவைப்பட்டது இயந்திரத்துக்கு, பிராணிக்கு அல்ல.

நாய் ஓரளவு சமாளித்துக்கொண்டது. ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுவின் பிரதிகள் கூடுதல் என்று 2013-இல் ஓர் ஆய்வு காட்டியது. நம் எச்சில் இலையோடு பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்ததன் தடம் அது. ஃபெரெட்டின் குடல் அப்படி மாறவில்லை. பெருங்குடல் தொடங்கும் இடத்தில் நமக்கெல்லாம் இருக்கும் பை அதற்குக் கிடையாது. தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். தானியத்துக்கும் நாருக்கும் பால் சர்க்கரைக்கும் அங்கே நேரமும் இல்லை, வசதியும் இல்லை.

இன்னொரு வியப்பும் உண்டு. 1933-இல் லண்டனில் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா என்ற மூன்று ஆய்வாளர்கள் மனித இன்ஃபுளுயன்சா வைரஸைப் பிரித்தெடுத்தது ஃபெரெட்டை வைத்துத்தான். நமக்கு வரும் காய்ச்சல் அதற்கும் வரும், நம்மைப் போலவே தும்மும். மூக்கு நம்மைப் போல, வயிறு நம்மைப் போல இல்லை. நான் மூக்கைப் பார்த்து ஏமாந்துவிட்டேன்.

அப்படியானால் பச்சைக்கறிதான் இயற்கை, போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கிளம்பிவிடாதீர்கள். அதற்கும் வரலாற்றில் பாடம் இருக்கிறது. 1880-களில் லண்டன் மிருகக்காட்சிசாலைச் சிங்கக்குட்டிகள் எலும்பு வளைந்து செத்துக்கொண்டிருந்தன. இறைச்சிதான் போட்டார்கள், ஆனால் எலும்பில்லாத கொழுப்பில்லாத சதை. பிளாண்ட்-சட்டன் என்ற அறுவை மருத்துவர் நொறுக்கிய எலும்பும் காட் மீன் எண்ணெயும் பாலும் சேர்க்கச் சொன்னார், குட்டிகள் தேறின. காட்டில் சிங்கம் சதையை மட்டுமா தின்கிறது? ஆபத்து வேறு பக்கத்தில் இருந்தும் வரும். 2024 கடைசியில் அமெரிக்காவில் பச்சைத் தீனி சாப்பிட்ட பூனைகள் பறவைக் காய்ச்சலில் செத்தன. உறைய வைத்தால் கிருமி செத்துவிடாது, தூங்கும், அவ்வளவுதான்.

ஆகவே மகள் வீட்டில் நடந்த முறையைச் சொல்கிறேன். முதலில் பழைய தீனியைப் பொடித்து, அதில் அரை ஸ்பூன் அரைத்த கோழிக்கறி. ஃபெரெட் குட்டியாக இருக்கும் முதல் சில மாதங்களில் எந்த வாசனையைச் சாப்பாடு என்று பழகுகிறதோ அதையே பின்னாளிலும் நாடும். சுண்டலுக்குக் கறி சாப்பாடு என்றே தெரியாது. உதட்டில் துளி தடவி அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது. நான்கைந்து நாளுக்கு ஒருமுறை கறி கொஞ்சம் கூடும், தீனி கொஞ்சம் குறையும். வயிறு கலங்கினால் ஒரு படி பின்னால். பல வாரங்களுக்குக் கோழி மட்டும். இரண்டு இறைச்சி ஒன்றாகப் போட்டால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியாது. பழகிய பின் இதயம், துளி ஈரல், பச்சையாகவே இறக்கை எலும்பு. வேகவைத்த எலும்பு கூடவே கூடாது, சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். பட்டினி போட்டுப் பழக்குவதும் கூடாது, அதன் உடம்பு தாங்காது. தனிப் பலகை, தனிக் கத்தரி, வெந்நீர், சோப்பு. மீதியை எடுத்து எறிந்துவிட வேண்டும்.

பேத்தி ஒரு நோட்டுப் போட்டுத் தேதி, எடை, என்ன சாப்பிட்டது, எப்படிப் போனது என்று எழுதி வந்தாள். மூன்றாம் நாள் அந்த நோட்டை என் மடியில் வைத்து, "தாத்தா, நீங்க எழுதுங்க, உங்க கையெழுத்து நல்லாருக்கும்" என்றாள். சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது. நான் ஊருக்குக் கிளம்பும் முன், கையுறை போட்டுக்கொண்டு கோழி இதயத்தை நறுக்கவும் கற்றுக்கொண்டேன். சைவத்தை விடவில்லை. ஆனால் என் இலையில் இருப்பதுதான் எல்லா உயிருக்கும் சாப்பாடு என்ற எண்ணத்தை விட்டுவிட்டேன்.

அந்த நோட்டை எழுதும்போது வேறொன்றும் உறைத்தது. பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்த பிள்ளைகளை, பதினொன்றாம் வகுப்பின் முதல் நாளே ஆங்கிலப் புத்தகத்தின் முன்னால் உட்கார வைத்தோம். திணறியவர்களை "மந்தம்" என்று நானே சொல்லியிருக்கிறேன். பிள்ளையிடமும் குறை இல்லை, புத்தகத்திலும் குறை இல்லை. அரை ஸ்பூனில் தொடங்கியிருக்க வேண்டும். அப்படி என்னிடம் பேச்சு வாங்கியவர்கள் இதைப் படித்தால், இந்த வாத்தியாரை மன்னித்துக்கொள்ளுங்கள்.

சுண்டல் முழுதாகக் குணமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஈரல் ஒரு துண்டு கூடினால் இன்னும் கலங்குகிறது. ஆனால் எடை கூடியிருக்கிறது, காலுறைத் திருட்டும் மறுபடி தொடங்கிவிட்டது. நேற்று இரவு வீடியோ அழைப்பில் பேத்தி எடுத்த எடுப்பில், "தாத்தா, இன்னிக்கு கெட்டியாப் போச்சு!" என்று கத்தினாள். பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த என் தம்பிக்குப் புரை ஏறிவிட்டது.

எனக்குக் கண் கலங்கியது.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்